படி ஏறாத வசூல்காரன்

ஒரு கூட்டத்தில் நான் பொய் சொன்னேன். "நான் போனேன், வீட்டில் யாரும் இல்லை." அவ்வளவுதான் பொய். நான் போகவில்லை. அவர்கள் வீட்டில்தான் இருந்தார்கள். அந்தப் பொய்யால் சவரிமுத்து என்ற மனிதருக்கும் அவரைச் சேர்ந்த பல குடும்பங்களுக்கும் கைக்கு எட்டியிருந்த நிரந்தர வேலை போயிற்று.

இந்தத் தொடரில் பள்ளிபாளையம் நாட்களைப் பற்றிச் சில வாரங்களாக எழுதி வருகிறேன். திருச்செங்கோட்டு வாசகர் ஒருவர், "காகித ஆலைக்கு வந்த ஜெர்மன்காரரைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டீர்களே, அவர் என்ன ஆனார்?" என்று கேட்டிருக்கிறார். நழுவியது உண்மைதான். அவரைப் பற்றி எழுதினால் இதையும் எழுதியாக வேண்டும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை மாலை. ஆலையின் எந்திரக் கூடத்துக்குக் கூரை போட்டாயிற்று, சுவர் பாதிதான் எழும்பியிருந்தது. காவிரிக் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். ஈரச் சிமெண்டும் கிரீசும் கலந்த வாசனை. எந்திர உறுப்புகள் வந்த மரப்பெட்டிகளின் மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார்கள், சித்தாள் பெண்கள், கனமான இரும்பை உருட்டியும் தூக்கியும் இடம் சேர்க்கும் கலாசிகள்.

சவரிமுத்து எழுந்து நின்றார். கலாசிகளில் மூத்தவர். துண்டு தோளில் கிடந்தது. கூட்டத்தில் யாரும் யாருக்காகவும் துண்டை இடுப்புக்கு இறக்கக் கூடாது என்பது எங்கள் சங்கத்தின் முதல் தீர்மானம்.

"கலாசிங்க சார்பா தேர்தல்ல நான் நிக்கிறேனுங்க" என்றார்.

கூட்டத்தை நடத்தியவர் நாச்சிமுத்து மேஸ்திரி. சவரிமுத்துவின் சங்க அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "மூணு மாசமா முத்திரை விழலீங்களே" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "ரைட்டர் சார், அவுங்க ஊட்டுக்கு நீங்க போனீங்களா இல்லீங்களா?"

எல்லோரும் திரும்பினார்கள். அவர்களை அப்படியே உட்கார வைத்துவிட்டுக் கொஞ்சம் பின்னே போகிறேன். இந்த முத்திரையும் அட்டையும் ஜெர்மனியிலிருந்து பள்ளிபாளையத்துக்கு எப்படி வந்தன என்று தெரியாவிட்டால் அந்தக் கேள்வியின் கனம் விளங்காது.

எமில்

நான் சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா ரயில்வே குமாஸ்தா. திருச்சியில் பி.ஏ. முடித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்தபோது, பள்ளிபாளையத்தில் கட்டிக்கொண்டிருந்த காகித ஆலையில் ரைட்டர் வேலை கிடைத்தது. வருகைப் பதிவு எழுதுவேன். எந்திரம் பூட்ட வந்த ஜெர்மன்காரருக்கும் ஆட்களுக்கும் நடுவில் வாயாக இருப்பேன்.

அவர் பெயர் எமில். ஐம்பது வயது இருக்கும். ரைன் நதிக்கரைத் தொழில் நகரம் ஒன்றைச் சேர்ந்த ஃபிட்டர். வெயிலில் அவர் மூக்கு தக்காளிப் பழம் போலாகும். அவருடைய ஆங்கிலம் உடைந்த ஆங்கிலம். என்னுடையது புத்தக ஆங்கிலம். இரண்டும் சேர்ந்தால் ஒரு முழு ஆங்கிலம் வந்துவிடும்.

அவரிடம் சிவப்பு அட்டை போட்ட சிறிய புத்தகம் ஒன்று இருந்தது. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அதைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கம் முழுக்கக் கட்டம் கட்டமாக, தபால் தலை போலச் சின்னச் சின்ன வில்லைகள்.

"என்னங்க சார், ஊர் ஊரா ஸ்டாம்பு சேக்கறாரா?" என்று சவரிமுத்து என்னைக் கேட்டார்.

நான் எமிலைக் கேட்டேன். அது அவருடைய கட்சிப் புத்தகம், ஒவ்வொரு வில்லையும் ஒரு மாதச் சந்தா என்றார். அவருடைய நாட்டின் பழைய தொழிலாளர் கட்சி அது.

எனக்கு ஆவல் தாங்கவில்லை. கல்லூரியில் அரசியல் படித்தவன் நான். மேலை நாட்டுக் கட்சிகளைப் பற்றிப் புத்தகத்தில் படித்ததெல்லாம் கொள்கையும் தேர்தல் முடிவும்தான். ஒரு கட்சியைத் தொட்டுப் பார்க்கலாம் என்று அன்றுதான் தெரிந்தது.

மேடை இல்லாத கட்சி

அதிலிருந்து ஞாயிறு மாலைகளில் எமிலைச் சுற்றிக் கூட்டம் கூடும். அவர் சொல்ல, நான் தமிழில் சொல்வேன். ஆட்கள் கேள்வி கேட்பார்கள்.

"உங்க கட்சிக்கு மைக்செட்டு உண்டுங்களா?" இது நாச்சிமுத்து மேஸ்திரி. இந்தப் பக்கத்தில் மைக்செட்டு இல்லாத கட்சியை அவர் பார்த்ததில்லை.

"தேர்தல் வந்தால் உண்டு. மற்ற நாட்களில் மாடிப்படிதான்" என்றார் எமில்.

"மாடிப்படியில நின்னுக்கிட்டா பேசுவாங்க?"

எமில் சிரித்துவிட்டு விளக்கினார். அவருடைய ஊரில் தொழிலாளர்கள் நாலைந்து மாடி வீடுகளில் அடுக்கடுக்காகக் குடியிருப்பார்கள். ஒவ்வொரு தெருவுக்கும் கட்சி ஒரு வசூல்காரரை வைத்திருக்கும். அவருக்குச் சம்பளம் கிடையாது. அவரும் பகலில் ஆலைக்குப் போகிறவர்தான். மாதம் ஒருமுறை ஒவ்வொரு வீட்டுப் படியும் ஏறுவார். சமையலறை மேசையில் உட்காருவார். கொடுக்கும் காப்பியைக் குடிப்பார். சந்தா வாங்கி வில்லை ஒட்டுவார். அதற்குள் யார் வீட்டில் காய்ச்சல், யாருக்கு அடுப்புக் கரி தீர்ந்தது, எந்த ஃபோர்மன் யாரைத் திட்டினான் என்று எல்லாம் அவர் காதில் விழுந்துவிடும். அதைக் கொண்டுபோய்ப் பேட்டைக் கிளையின் கூட்டத்தில் வைப்பார்.

பேட்டைக் கிளை இரகசிய ஓட்டுப் போட்டு வட்டத்துக்குப் பேராளர்களை அனுப்பும். வட்டம் மண்டலத்துக்கு அனுப்பும். மண்டலங்கள் மாநாட்டுக்கு அனுப்பும். மாநாடு தலைவரைத் தேர்ந்தெடுக்கும். பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள். கணக்கைச் சரிபார்க்கக் கிளைதோறும் வேறு இரண்டு பேர்.

"அவிய ஊர்ல கட்சி கீழ இருந்து படியேறிப் போவுது. நம்ம பக்கம் மேல இருந்து கார்லதானுங்க வரும்" என்றார் மேஸ்திரி. எமிலுக்கு மொழிபெயர்த்தபோது அவர் தொடையில் தட்டிச் சிரித்தார்.

கட்சி எப்படித் தோன்றியது என்பதையும் எமில் கதையாகச் சொன்னார். அவருடைய தாத்தா காலத்துக்கும் முன்னால், சுருட்டுச் சுற்றுகிறவர்களும் கடைசல்காரர்களும் அச்சுக் கோப்பவர்களும் சாராயக்கடைப் பின்னறைகளில் கூடித் தொடங்கியதாம். சுருட்டுப் பட்டறையில் ஒருவர் மட்டும் வேலை செய்யாமல் பத்திரிகையை உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். அவர் பங்குச் சுருட்டை மற்றவர்கள் சுற்றித் தருவார்கள்.

எடப்பாடியிலிருந்து வந்த சித்தாள் பெண் ஒருத்தி, "எங்க ஊர்ல தறிச் சத்தத்துல எங்கீங்க கேக்கும்? பக்கத்துல இருக்கறவ பேசறதே கேக்காது" என்றாள்.

பேரரசர் காலத்து அரசாங்கம் கட்சியைத் தடை செய்தது. உடனே அதன் ஆட்கள் பாட்டுச் சங்கம் நடத்தினார்கள், உடற்பயிற்சிச் சங்கம் நடத்தினார்கள். பாட்டுச் சங்கத்துக்கு வேவு பார்க்க வந்த போலீஸ்காரர் ராத்திரியெல்லாம் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஊர்வலத்துக்குத் தடை. ஆனால் சாவுக்குத் தடை போட முடியாதே? கட்சிக்காரர் ஒருவர் இறந்தால் ஊரே பின்னால் நடக்கும்.

அப்புறம் சர்வாதிகாரியின் காலம். இரண்டாவது தடை. எமிலின் அப்பா ஒரு தெருவின் வசூல்காரர். சந்தா வாங்கினால் சிறை. ஆகவே சோப்பு விற்கிறவராக மாறினார். அதே படிகள், அதே வீடுகள். சோப்புக் கட்டியைக் கையில் கொடுத்துவிட்டு, "எல்லாரும் சுகம்தானே?" என்று மட்டும் கேட்டுவிட்டு இறங்குவார். கொஞ்ச காலத்தில் அதுவும் பிடிபட்டது. சிறையிலிருந்து வந்தபோது அவருக்குப் பல் இல்லை.

போர் முடிந்தது. ஊர் இடிந்து கிடந்தது. ஒரு வீட்டில் முன்சுவர் முழுக்க விழுந்து, மாடிப்படி மட்டும் வெட்டவெளியில் நின்றது. மேலே ஒரு அறையில் கிழவி ஒருத்தி குடியிருந்தாள். எமிலின் அப்பா சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறினார். கதவைத் தட்டினார். அவள் மாவு டப்பாவுக்குள் கையை விட்டு, இத்தனை வருடம் ஒளித்து வைத்திருந்த சிவப்புப் புத்தகத்தை எடுத்து நீட்டினாள். "ரொம்பத் தாமதமாக வந்திருக்கிறீர்கள்" என்றாளாம்.

சவரிமுத்து சொன்னார்: "அந்த ஆத்தா பொஸ்தகத்தை வெச்சிருந்துச்சு பாருங்க. அதுதானுங்க சார் பெருசு."

எனக்கு வேறொரு சந்தேகம். நான் கோயில் பிள்ளை. "உங்கள் கட்சியில் பூசைக்குப் போகிறவர்களைச் சேர்ப்பார்களா?" என்று கேட்டேன். எமிலின் அம்மா ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போவாளாம். அப்பா உள்ளே வரமாட்டார், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். இப்போதுதான், ஓரிரண்டு வருடங்களுக்கு முன், மாநாட்டில் பழைய கொள்கையை மாற்றிக் கதவைத் திறந்துவிட்டார்கள். கடைக்காரர், வாத்தியார், கோயிலுக்குப் போகிறவர் யாரும் வரலாம். எமிலுக்கு இதில் அரை மனசு. "இனி மாடிப்படியில் கூட்டம் அதிகமாகும். ஏறுகிறவர்கள் குறைவார்கள்" என்றார்.

இரண்டு பேருக்கும் ஓட்டு

இந்தச் சமயத்தில்தான் நிர்வாகம் ஒரு அறிவிப்புச் செய்தது. ஆலை ஓடத் தொடங்கியதும் கட்டுமான ஆட்களில் ஒரு பகுதியை நிரந்தரமாக எடுத்துக்கொள்வார்கள். யாரை எடுப்பது என்று பேச, ஆட்கள் தங்களுக்குள் இரண்டு பேரைத் தேர்ந்து அனுப்பலாம்.

நிரந்தரம் என்ற சொல்லுக்கு அப்போது என்ன மதிப்பு என்பதை இன்று விளக்குவது கடினம். மழை பெய்தாலும் சம்பளம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். சவரிமுத்துவும் மற்ற கலாசிகளில் பாதிப்பேரும் ஊருக்குத் தெற்கே சேரியில் இருந்தவர்கள். கட்டடம் எழும்பும் வரை அவர்களை வைத்துக்கொள்வதும் எழும்பியதும் அனுப்பிவிடுவதும் எல்லா இடத்திலும் வழக்கம். பேசப் போகும் இரண்டு பேரில் ஒருவர் சேரியிலிருந்து போனால்தான் அவர்கள் பெயர் உள்ளே நுழையும். இது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

எமில் சொன்னபடியே சங்கம் தொடங்கினோம். எந்திரம் வந்த அட்டைப் பெட்டிகளை வெட்டி உறுப்பினர் அட்டை. எமில் தடித்த ரப்பர் துண்டில் கத்தியால் செதுக்கி ஒரு முத்திரை செய்தார். அதில் மூன்று படிகள். "இதென்னங்க, கோயில் கோபுரமா?" என்று கேட்டார்கள். படி என்றதும், "கோபுரம்னாலும் நல்லாத்தான் இருக்குது" என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இரகசிய ஓட்டுக்கு ஒத்திகை பார்த்தோம். சும்மா இரண்டு பேரை நிறுத்தி, ஒருவருக்கு மட்டும் குறி போடச் சொன்னோம். சீட்டை எண்ணியபோது ஏறக்குறைய எல்லாச் சீட்டிலும் இரண்டு பெயருக்கும் குறி இருந்தது. எமில் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதானுங்களே" என்றார் மேஸ்திரி. "ஒருத்தருக்குப் போட்டு ஒருத்தர் மனசு நோகலாமுங்களா?"

"இரகசியம் என்றால் யாருக்கும் தெரியாது" என்று நான் விளக்கினேன்.

"போட்டவனுக்குத் தெரியுமில்லீங்க?"

எமில் மறுபடி சீட்டுக் கொடுக்கச் சொன்னார். மூன்றாவது ஒத்திகையில்தான் ஒரு குறி போடப் பழகினார்கள்.

வசூல்காரனாக என்னைப் போட்டார்கள். சைக்கிள் வைத்திருந்தேன், எழுதத் தெரியும், யாருக்கும் சொந்தக்காரன் இல்லை. வீட்டுக்குள் போய் உட்கார்ந்துதான் முத்திரை வைக்க வேண்டும் என்பது எமிலின் கண்டிப்பு. மூன்று மாதம் முத்திரை இல்லாதவர் ஓட்டுப் போடவோ நிற்கவோ முடியாது.

ஆரோக்கியத்தின் டம்ளர்

முதல் மாதம் உற்சாகமாகச் சுற்றினேன். கவுண்டர் வீடுகளில் மோர் கொடுத்தார்கள். நெசவுக்காரர் வீடுகளில் காப்பி. எல்லாவற்றையும் குடித்தேன். வயிறு உப்பிக்கொண்டு சைக்கிள் மிதிக்க முடியாமல் போயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் சேரிக்குப் போனேன். சவரிமுத்துவின் வீடு குனிந்து நுழைகிற ஓலை வீடு. தரை அன்றுதான் மெழுகியிருந்தது, சாணியின் பச்சை வாசனை. சுவரில் சவேரியார் படம். என் வீட்டிலும் அதே படம் உண்டு. ஈரோட்டிலிருந்து சாமியார் வந்து பூசை வைக்கும் ஞாயிறுகளில் சவரிமுத்துவும் நானும் ஒரே கோயிலில்தான் மண்டியிடுவோம். அவர்கள் இடது பக்கம், நாங்கள் வலது பக்கம். ஏன் அப்படி என்று நான் அதுவரை யாரையும் கேட்டதில்லை.

அவர் மனைவி ஆரோக்கியம் முக்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டார். பித்தளை டம்ளர் ஒன்றைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி, கருப்பட்டிக் காப்பி ஊற்றிக் கொண்டுவந்தார். டம்ளர் பளபளத்தது.

"குடிங்க சாமி" என்றார்.

என் கை நீளவில்லை. வெறுப்பு ஒன்றுமில்லை. பயமும் இல்லை. சேலத்தில் என் வீட்டுப் பின்கட்டில் இவர்களைப் போன்றவர்களுக்கென்று கவிழ்த்து வைத்திருந்த தனி டம்ளர் நினைவுக்கு வந்தது. படித்த படிப்பெல்லாம் அந்த டம்ளருக்கு முன்னால் நின்றுவிட்டது.

"வயிற்று வலி" என்றேன்.

ஆரோக்கியம் பதறிப்போனார். "அப்படீங்களா! இருங்க சாமி, சுக்குத் தண்ணி வெச்சுத் தாரேன். ஒரு நொடிதான்." சொல்லிக்கொண்டே அடுப்பை ஊதக் குனிந்தார்.

"வேண்டாம், நேரமாகிவிட்டது" என்று முத்திரையை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். சவரிமுத்து வாசல்வரை வந்தார். அவர் என் வாயைப் பார்த்தார் என்று தோன்றியது. மற்ற வீட்டு மோர் என் மீசையில் காய்ந்திருந்ததோ என்னவோ.

அந்த வாசலுக்கு மறுபடி போக எனக்குக் கூசியது. அடுத்த மாதம் சேரி முனையில் புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்தி மணியடித்தேன். ஒருவரும் வரவில்லை. வசூல்காரர் வீட்டுக்கு வருவார் என்று எமில் சொன்னதை நம்பி அவர்கள் வீட்டுக்குள் காத்திருந்தார்கள். அடுப்புப் புகை ஓலைக்கு மேலே எழுவது தெரிந்தது. திரும்பிவிட்டேன். அதற்கடுத்த மாதமும் மணியடித்தேன். நான்காவது மாதம் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த ஒரு கேள்வி

இப்போது எந்திரக் கூடத்துக்குத் திரும்பலாம். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"நான் போனேன். வீட்டில் யாரும் இல்லை" என்றேன்.

எமில் என் சட்டையைத் தொட்டு என்ன நடக்கிறது என்று கேட்டார். என் பொய்யை நானே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். அவர் மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்: "நீ படி ஏறினாயா?"

அதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வாய்ப்பு. "ஏறினேன்" என்றேன்.

மேஸ்திரி சவரிமுத்துவைப் பார்த்தார். "என்ன சொல்றீங்க சவரி?"

சவரிமுத்து நினைத்திருந்தால் அங்கேயே என்னைப் பிடித்திருக்கலாம். அவர் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். மடித்தார். இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"சாரு பொய் சொல்லுவாருங்களா? வந்திருப்பாரு. நாங்கதான் ஊட்ல இல்லையாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மற்ற சேரி ஆட்களின் அட்டைகளிலும் முத்திரை இல்லாததால் அவர்கள் யாரும் ஓட்டுப் போட முடியவில்லை. கலாசிகள் சார்பில் வேறொருவர் நின்றார். அவரும் மேஸ்திரியும் நிர்வாகத்திடம் பேசப் போனார்கள். நிரந்தரமானவர்களில் சேரியைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை. எந்திரம் பூட்டி முடிந்ததும் நிர்வாகம் அவர்களுடைய கணக்கைத் தீர்த்து அனுப்பியது. நான் நிரந்தரமானேன்.

அன்று கூட்டம் கலைந்ததும் எமில் என்னிடம் கையை நீட்டினார். கை குலுக்க வருகிறார் என்று நினைத்தேன். "முத்திரை" என்றார். கொடுத்தேன். ஊருக்குத் திரும்பும் வரை என்னோடு வேலைப் பேச்சு மட்டும்தான் பேசினார். ஞாயிறு மாலைகள் அத்தோடு நின்றன.

வெள்ளைக்கல்

சில வருடங்கள் போயின. எனக்குத் திருமணம் ஆயிற்று. ஆலைச் சங்கு ஊதும்போதெல்லாம் நிரந்தரம் என்ற சொல் காதில் விழுவது போல இருக்கும். சவரிமுத்து சேலத்துக்கு வடக்கே வெள்ளைக்கல் குவாரியில் வேலை செய்கிறார் என்று கேள்விப்பட்டு ஒரு ஞாயிறு அங்கே போனேன்.

அங்கே எல்லாம் வெள்ளை. பாதை வெள்ளை, வேப்பிலை வெள்ளை, வீட்டுக் கூரை வெள்ளை. சவரிமுத்துவின் புருவம்கூட மாவு பூசியது போல இருந்தது. ஆரோக்கியம் வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் சவரிமுத்து சொன்னார்: "ரொம்பத் தாமசமா வந்திருக்கறீங்க சார்."

எமிலின் கிழவி சொன்ன அதே வார்த்தை. தெரிந்தே சொன்னாரா என்று தெரியவில்லை.

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். வரவில்லை, பொய் சொன்னேன், வயிற்று வலியும் பொய் என்றேன். ஆலையில் மூங்கில் லாரி இறக்க ஒப்பந்த ஆட்கள் எடுக்கிறார்கள், அதிகாரியிடம் பேசியிருக்கிறேன், உங்கள் ஆட்களைச் சேர்க்கச் சம்மதித்தார் என்றும் சொன்னேன்.

"மூங்கில் இறக்கற வேலைங்களா?" என்று சிரித்தார். "அதுக்கு இந்த வெள்ளக்கல்லே தேவலைங்க."

"வேறு என்ன செய்யட்டும்?"

"எங்ககிட்ட வந்து சொன்னா என்னங்க ஆவும்? நீங்க வரலீன்னு எங்களுக்குத்தான் தெரியுமே. யார்கிட்டப் பொய் சொன்னீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க."

ஆரோக்கியம் முறத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. அன்று எனக்கு யாரும் காப்பி கொடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுத ஆசை. எதிர்பார்த்தேன்.

பொரியும் கடலையும்

அந்த வருட ஆயுத பூஜையன்று எந்திரக் கூடத்தில் எல்லோரும் கூடியிருந்தார்கள். எந்திரத்துக்கு மாலை, உருளைகளுக்குச் சந்தனம். அங்கிருந்த பழைய ஆட்கள் எல்லோரும் இப்போது நிரந்தரத் தொழிலாளர்கள். எமிலைச் சுற்றி உட்கார்ந்த அதே இடம். பொரி கொடுக்கத் தொடங்குமுன் இரண்டு நிமிடம் கேட்டு எழுந்து நின்றேன்.

சொன்னேன். முழுக்கச் சொன்னேன். சவரிமுத்து வீட்டில் இருந்தார், நான்தான் போகவில்லை என்றேன்.

அதிர்ச்சியை எதிர்பார்த்தேன். திட்டுவார்கள் என்று நினைத்தேன். நாச்சிமுத்து மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"அது எங்களுக்கு அன்னைக்கே தெரியுமுங்க சார்."

"தெரியுமா?"

"பொழுது சாயற நேரத்துல ஊட்ல ஆளில்லாம எங்கீங்க போயிருப்பாங்க? வேலையிலிருந்து எங்க கூடத்தானுங்களே திரும்புனாங்க."

"அப்புறம் ஏன் யாரும் கேட்கவில்லை?"

அவர் பொரியைக் கையால் அளைந்தார். "நீங்க படிச்சவரு, சொன்னீங்க. எங்களுக்கும் அது தோதா இருந்துச்சு. அவிய நாலு பேரு உள்ள வந்தா எங்காளு நாலு பேரு வெளிய நிக்கோணுமில்லீங்க?" பிறகு தட்டை என் பக்கம் தள்ளினார். "எடுத்துக்குங்க சார். நல்ல நாள்ல இதெல்லாம் எதுக்கு?"

வாய் நிறையப் பொரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. என் பொய் ஒருவரையும் ஏமாற்றவில்லை. அங்கிருந்த அத்தனை பேருக்கும் அது பயன்பட்டது. இது என் குற்றத்தைக் குறைக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மறுபடி குவாரிக்குப் போய் நடந்ததை அப்படியே சொன்னேன். சவரிமுத்து, "எல்லாருக்கும் தெரியும்னு சொன்னாங்களா? வாயத் தொறந்தே சொன்னாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவ்வளவுதான்.

வயிற்று வலி

அடுத்த வருடம் ஆலை வேலையை விட்டுவிட்டுச் சேலத்தில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் சேர்ந்தேன். ஒரு ஞாயிறு மாலை வாசற்கதவு தட்டும் சத்தம். திறந்தால் சவரிமுத்து. வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. முன்வாசலில் நின்றார்.

"உள்ள வரலாமுங்களா?"

உள்ளே வந்து கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையையும் ஒரு ரப்பர் துண்டையும் எடுத்தார். ரப்பரில் மூன்று படிகள். ஓரம் தேய்ந்திருந்தது. எமில் ஊருக்குப் போகுமுன் சேரிக்கே போய் அதைச் சவரிமுத்துவின் கையில் கொடுத்திருக்கிறார். மொழிபெயர்க்க நான் இல்லாமலே இருவரும் அன்று என்னவோ பேசியிருக்கிறார்கள்.

"குவாரியில சங்கம் வெச்சிருக்கறமுங்க. நான்தான் ஊடு ஊடாப் போறேன்" என்றார். "எமிலு சாரு கட்சியில பின்னால வெளியாளுங்களுக்கும் கதவத் தொறந்துட்டாங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. நாங்களும் தொறக்கறோமுங்க. சேர்றீங்களா?"

சேர்கிறேன் என்றேன். என் பெயரை எழுதி முத்திரை வைத்தார்.

என் மனைவி லூர்துக்கு இந்தக் கதை எதுவும் அப்போது தெரியாது. நல்ல டம்ளரில், வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் கொடுக்கும் டம்ளரில், காப்பி கொண்டுவந்து வைத்தாள். பின்கட்டு டம்ளரை நான் எப்போதோ எறிந்துவிட்டிருந்தேன். அதைப் பற்றி எனக்குள் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சவரிமுத்து டம்ளரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு லூர்துவிடம் மிகவும் மரியாதையாகச் சொன்னார்:

"வேண்டாமுங்கம்மா. வயித்து வலி."

"ஐயோ, சுக்குத் தண்ணி போட்டுத் தரட்டுமா?" என்றாள் லூர்து.

"இல்லீங்கம்மா, நேரமாச்சு." எழுந்தார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "அடுத்த மாசம் வாரேனுங்க சார்" என்றார்.

வந்தார். அதற்கடுத்த மாதமும் வந்தார். மழையிலும் வந்தார், காய்ச்சலோடும் ஒருமுறை வந்தார். உட்கார்ந்து எல்லோருடைய சுகமும் விசாரிப்பார். முத்திரை வைப்பார். லூர்து ஒவ்வொரு முறையும் காப்பி வைப்பாள். அது ஆறிப்போன பிறகு நான் எடுத்துக் குடிப்பேன்.

குவாரியில் அவரால் முடியாமல் போய் வேறொருவர் முத்திரையை வாங்கிக்கொள்ளும் வரை ஒரு மாதம்கூட அவர் என் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. அந்த வயிற்று வலியும் கடைசி வரை அவருக்குத் தீரவில்லை.